உஷார்! காக்பிட்டில் ஒரு அரைகுறை சாட்சி

பறந்து இறங்கி, இன்ஜினை அணைத்து, ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு கையடக்க ஜி.பி.எஸ்.ஸில் 'சேவ்' தட்டுகிற ஆளா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கையில் இருப்பது பழைய கார்மின் என்றால், பத்திரப்படுத்துகிறோம் என்ற நினைப்பில் அந்தப் பறத்தலின் பாதியை நீங்களே அழித்துக்கொண்டிருக்கலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பழைய கார்மின் கையடக்க வரிசைகளில், ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக் லாக்குக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால், நினைவக இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கருவி ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சில நூறாகச் சுருக்கிவிடும். அதோடு நிற்காமல், ஒவ்வொரு புள்ளியோடும் இருந்த நேரத்தையும் உருவி எறிந்துவிடும். நேரம் போனால் வேகம் போச்சு. வேகம் போனால் எங்கே இறக்கம் அதிகமானது, எந்தத் திருப்பத்தில் தடுமாறினீர்கள் என்பதெல்லாம் போச்சு. மிஞ்சுவது வரைபடத்தில் ஒரு கோடு. நீங்கள் இந்த வழியாகப் போனீர்கள் என்று மட்டும் சொல்லும். எப்போது, எப்படி என்று கேட்டால் வாயே திறக்காது. பாராகிளைடிங், கிளைடர் ஆட்களுக்கு இது பழைய பாடம். அவர்கள் 'சேவ்' பக்கமே போகமாட்டார்கள். இறங்கியதும் கேபிளைச் செருகி, பெயரிடாத அந்த ஆக்டிவ் லாக்கை அப்படியே லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்வார்கள். விமானம் ஓட்டுகிறவர்களில்தான் பலருக்கு இந்தச் சங்கதி தெரிவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பைலட் பயிற்சிக்கு அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் என்று போகும் நம் பிள்ளைகள் அங்கே செகண்ட் ஹேண்டில் கார்மினின் ஒரு ஜி.பி.எஸ்.மேப் 496 அல்லது ஏரா வாங்கிக்கொள்கிறார்கள். சோலோ பறந்ததை அன்று இரவே கூகுள் எர்த்தில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்பா அம்மாவுக்குப் பெருமை. அதுவரை சரி. ஆனால் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டே "என் அப்ரோச் நன்றாகத்தானே இருந்தது", "நான் அந்த ஏர்ஸ்பேஸுக்குள் போகவே இல்லை" என்று வாதாடத் தொடங்கும்போதுதான் எனக்குப் பகீர் என்கிறது. கருவி பொய் சொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்டதற்கு மேல் எதையும் சொல்லாது. கேட்காததை எழுதியே வைத்திருக்காது. நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட சாட்சியால் கெட்ட வழக்குகள் ஏராளம்.

அரைகுறைப் பதிவு எப்படிக் கைவிடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2010 ஆகஸ்ட் 9. அலாஸ்காவில் அலெக்னாகிக் அருகே மிதவை பொருத்திய ஒரு டி ஹாவிலாண்ட் ஆட்டர் விமானம் மலைச்சரிவில் மோதியது. உள்ளே 9 பேர். 5 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்க செனட்டில் பல்லாண்டுகள் இருந்த டெட் ஸ்டீவன்ஸ். நாசாவின் முன்னாள் தலைவர் ஷான் ஓகீஃப் பிழைத்த நால்வரில் ஒருவர். அந்த விமானத்தில் கருப்புப் பெட்டி கிடையாது. சட்டப்படி தேவையும் இல்லை. செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தை அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. அது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். கடைசிப் புள்ளி வந்தது. அடுத்தது வரவேண்டிய நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

100 நாட் வேகத்தில் போகும் விமானம் ஒரு நிமிடத்தில் 3 கிலோமீட்டர் கடக்கும். மூன்று நிமிடம் என்றால் 9 கிலோமீட்டர். அந்த 9 கிலோமீட்டரில் விமானம் எப்போது பாதை மாறியது, எப்போது தாழ்ந்தது, பைலட் கடைசி நொடியில் இழுத்தாரா என்று எதுவும் அந்தப் பதிவில் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. மாதக்கணக்கில் விசாரித்து, பைலட் சிறிது நேரம் செயலற்றுப் போயிருந்தார், ஏன் என்று நிறுவ முடியவில்லை என்று முடிவெழுதியது. இப்படிப்பட்ட விமானங்களிலும் காக்பிட்டைப் பதிவு செய்யும் கருவி இருந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

கண்காணிப்புக் கருவியின் வேலை வேறு, உங்கள் கையடக்கக் கருவியின் வேலை வேறு என்பீர்கள். சரி, உங்கள் கருவியின் செட்டிங்ஸைத் திறந்து ட்ராக் லாக் இடைவெளி என்னவென்று பாருங்கள். 'ஆட்டோ' என்றிருந்தால் எந்தப் புள்ளியை எழுதுவது, எதை விடுவது என்று கருவியே முடிவு செய்கிறது என்று பொருள். அல்லது யாரோ, எப்போதோ 30 நொடி என்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டாண்டர்ட் ரேட்டில் 90 டிகிரி திரும்ப விமானத்துக்கு ஆகும் நேரமே 30 நொடிதான். அந்த இடைவெளியில் எழுதினால் சர்க்யூட்டின் ஒவ்வொரு திருப்பமும் குறுக்கே கிழித்த ஒரு நேர்கோடாகத்தான் பதியும். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பியதை ஆராய உட்கார்ந்தால் அங்கே திருப்பமே இருக்காது.

அப்படியானால் நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிடலாமே? வைக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு வையுங்கள். 10,000 புள்ளிகளுக்கு இடமுள்ள கருவி என்றால் நொடிக்கு ஒன்று வீதம் 2 மணி 46 நிமிடத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதும் அது இரண்டில் ஒன்றைச் செய்யும். எழுதுவதை நிறுத்திவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். முதலாவதில் தரையிறக்கம் இருக்காது. இரண்டாவதில் டேக்-ஆஃப் இருக்காது. நீண்ட கிராஸ் கன்ட்ரி முடித்து வந்து பதிவில் முதல் ஒரு மணி நேரத்தைக் காணோம் என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் பழையதன் மேல் எழுதுவதைக் குறிக்கும் 'wrap' என்ற ஒற்றைச் சொல்லை மெனுவில் பார்க்காமல் கடந்தவர்கள். மைக்ரோ எஸ்.டி. கார்டில் எழுதும் புதிய கருவிகளில் இடப் பிரச்சினை குறைவு. ஆனால் கார்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை உங்களுடையது.

அடுத்தது உயரம். இங்கேதான் வண்டி வண்டியாகக் குழப்பம்.

ஜூலை மாதம். சென்னை ஓடுதளத்தில் உங்கள் விமானம் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர். கிளைடர் உலகில் புழங்கும் ஐ.ஜி.சி. வகைக் கோப்பை எழுதும் ஒரு ரெக்கார்டர் உள்ளே ஓடுகிறது. அது ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு உயரம் எழுதும். ஒன்று காற்றழுத்தத்தை வைத்து. மற்றது செயற்கைக்கோளை வைத்து. தென்மேற்குப் பருவத்தில் க்யூ.என்.எச். (கடல்மட்டத்துக்குத் திருத்திய காற்றழுத்தம்) 1004 ஹெக்டோபாஸ்கல் என்று வந்தால், 1013.25 என்ற சர்வதேச அளவை அடிப்படையாகக் கொண்ட முதல் உயரம் சுமார் 90 மீட்டர் காட்டும். இரண்டாவது உயரம் மைனஸ் 70 மீட்டர் பக்கம் காட்டும். ஆம், மைனஸ். அசையாத விமானத்தில், ஒரே நொடியில், ஒரே கருவி எழுதிய இரண்டு உயரங்களுக்கு நடுவே 160 மீட்டர். இரண்டில் எதுவும் தப்பில்லை!

மைனஸ் எங்கிருந்து வந்தது? ஜி.பி.எஸ். பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டுதான் உயரத்தைக் கணக்கிடுகிறது. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேலும் கீழுமாக இருக்கிறது. உலகத்திலேயே அது அதிகமாகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். 100 மீட்டருக்கும் மேல் பள்ளம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இலங்கையும் கிடக்கின்றன. சென்னையில் வித்தியாசம் கிட்டத்தட்ட 90 மீட்டர். குமரிப் பக்கம் போகப் போக இன்னும் கூடும். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இது தலைகீழ். சுமார் 50 மீட்டர் மேலே. பெரும்பாலான கார்மின் கருவிகள் இந்தத் திருத்தத்தைச் செய்து கடல்மட்ட உயரமாகவே காட்டுகின்றன. ஐ.ஜி.சி. ரெக்கார்டர்கள் விதிப்படி திருத்தாத உயரத்தை எழுதுகின்றன. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பழகிவிட்டு இங்கே வந்து இரண்டு கருவியின் கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால், ஒரே காக்பிட்டில் இருந்த இரண்டும் 300 அடி வித்தியாசத்தில் தனித்தனியாகப் பறந்திருக்கும். கூகுள் எர்த்தில் போட்டால் விமானம் ஓடுதளத்துக்கு அடியில் சுரங்கத்தில் டாக்சி செய்யும்.

சுரங்கத்தில் ஓடினால் சிரித்துவிட்டுப் போகலாம். வெப்பத்தால் வரும் வித்தியாசம் அப்படிச் சிரிக்கவிடாது. ஆல்டிமீட்டர் ஒரு 'சராசரி' வளிமண்டலத்தை வைத்து அளவு குறிக்கப்பட்டது. அந்தச் சராசரியில் 5,000 அடியில் 5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நம் ஊரில் 20 டிகிரி சர்வசாதாரணம். ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் உண்மை உயரம் சுமார் 4 சதவீதம் கூடும் என்பது பைலட்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. அப்படிப் பார்த்தால் ஆல்டிமீட்டர் 5,000 என்று ஒழுங்காகக் காட்டும்போது ஜி.பி.எஸ். 5,300 என்று எழுதும். நீங்கள் 5,000 அடியில் பிசகாமல் பறந்தீர்கள். கட்டுப்பாட்டு அறை சொன்னதும் அதுதான். மேலே போன மற்ற விமானமும் ஆல்டிமீட்டரைத்தான் பார்த்தது. வானத்தில் போக்குவரத்து நடப்பது ஆல்டிமீட்டர் கணக்கில். ஆனால் உங்கள் கோப்பைத் திறப்பவருக்கு நீங்கள் 300 அடி மீறியவர். குளிர்நாட்டில் இது எதிர்த்திசையில் போகும்: ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட உண்மையில் தாழ்வாகப் பறப்பீர்கள். மலைப்பகுதியில் அதுதான் ஆளைக் கொல்லும்.

ஆகவே உயரம் குறித்து யாரிடமும் வாயைத் திறக்குமுன், கோப்பில் இருப்பது எந்த உயரம் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் பாராகிளைடிங் போட்டிகளில் ஏர்ஸ்பேஸ் தகராறு செய்தவர்கள் கதை தனியாக எழுதலாம்.

இன்னொரு எண்ணும் ஆளைக் கவிழ்க்கும். வேகம். ஜி.பி.எஸ்.ஸுக்குக் காற்று தெரியாது. அது எழுதுவது தரைமேல் நகரும் வேகம். இறக்கையைத் தாங்குவது காற்றில் செல்லும் வேகம். பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது பேஸ் லெக்கில் 80 நாட் என்று அழகாகப் பச்சையில் வருகிறது. பின்னாலிருந்து 15 நாட் காற்று வீசியிருந்தால் உங்கள் ஏர்ஸ்பீட் 65தான். பின்காற்று உங்களை ஓடுதளக் கோட்டைத் தாண்டித் தள்ளும். திருப்பிப் பிடிக்க 45 டிகிரி சாய்ப்பீர்கள். நேராகப் பறக்கும்போது 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 45 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் இழுத்துத் திரும்பினால் 60க்கே ஸ்டால் ஆகும். கையில் மிச்சம் 5 நாட். கீழே சில நூறு அடி. சிறு விமானங்களில் உயிர் போகும் இடங்களில் இந்தத் திருப்பத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ரீப்ளேயில் எல்லாம் சுமுகம்! அதைப் பார்த்து 'நாளைக்கும் இப்படியே' என்று மனதில் பதித்துக்கொள்கிறான் பாருங்கள், அந்தப் பையனுக்காகத்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

சில கருவிகளில் 'பேனல் பேஜ்' என்று ஒரு திரை உண்டு. ஏறும் வேகம், திரும்பும் வீதம் என்று முள்ளும் வட்டமுமாக நிஜ இன்ஸ்ட்ருமென்ட் போலவே இருக்கும். அத்தனையும் இருப்பிட மாற்றத்திலிருந்து கணக்குப் போட்டு வரைந்த படம். அலசல் மென்பொருள்களும் அப்படித்தான். கிளவுட்அஹாய் போன்றவை வெறும் ஜி.பி.எஸ். புள்ளிகளிலிருந்தே காற்றை ஊகித்து, அதிலிருந்து ஏர்ஸ்பீடை ஊகித்து, சாய்வையும் ஊகித்துக் குட்டி விமானத்தைச் சாய்த்துக் காட்டும். கெட்டிக்காரத்தனமான வேலை, இன்ஸ்ட்ரக்டர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஊகத்தின் மேல் ஊகம். திரையில் விமானம் 30 டிகிரி சாய்ந்தது என்றால் உங்கள் விமானத்தில் யாரும் அதை அளக்கவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும் அந்த வளைவும் மென்பொருள் போட்டதுதான். அப்ரோச்சை உட்கார்ந்து அலச வேண்டுமென்றால், விமானத்திலேயே ஜி1000 போன்ற அமைப்பு இருந்தால் அதன் எஸ்.டி. கார்டை உருவிக்கொள்ளுங்கள். ஏர்ஸ்பீடு, சாய்வு, இன்ஜின் என்று நொடிக்கு ஒரு வரி வீதம் அது எழுதியிருக்கும். இல்லையென்றால் ஏர்ஸ்பீடு முள் தெரியும்படி ஒரு சின்ன கேமரா. அதுவே போதும். கேமராவை மட்டும் ஜி.பி.எஸ். கருவிக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். ஒன்றின் மின்னிரைச்சல் மற்றதன் காதை அடைத்துவிடும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு யு.எஸ்.பி. சார்ஜருக்கும் இதே புகார் உண்டு.

பறக்கும்போது நடுவில் சிக்னல் போனது உங்களுக்குத் தெரியுமா? ஐ.ஜி.சி. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 'பி'க்கு அடுத்து 6 இலக்கத்தில் உலக நேரம். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. அதன்பின் ஒரே ஒரு எழுத்து. அது 'ஏ' என்றால் முப்பரிமாண இருப்பிடம் ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது. 'வி' என்றால் செயற்கைக்கோள் போதவில்லை. செயற்கைக்கோள் உயரம் நம்பும்படி இல்லை. அதற்கடுத்த 5 இலக்கம் அழுத்த உயரம், அடுத்த 5 செயற்கைக்கோள் உயரம். ஒரு முழுப் பறத்தலில் 'வி' எங்கெங்கே வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் செங்குத்தான திருப்பங்களில், இறக்கையோ உங்கள் உடம்போ ஆன்டெனாவை மறைத்த இடங்களில் வரும். அதாவது நீங்கள் ஆராய விரும்பும் அதே இடங்களில். மென்பொருளோ அந்த ஒற்றை எழுத்தைப் பொருட்படுத்தாமல் கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிக்னல் தானாகப் போவது ஒரு ரகம். போகவைப்பது இன்னொரு ரகம். 2024இல் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான சேவையை ஜி.பி.எஸ். குறுக்கீட்டால் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2023 நவம்பரில் இதற்கென்று சுற்றறிக்கை விட்டது. 2025 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதிலில், குறுக்கீட்டுப் புகார்கள் வரும் இடங்களின் பட்டியலில் டெல்லி, மும்பை, கொல்கத்தாவோடு சென்னையும் இருந்தது. பெரிய விமானத்துக்கு இனர்ஷியல் அமைப்பு, தரைவழி ரேடியோ உதவி எல்லாம் இருக்கிறது. உங்கள் மடியில் இருக்கும் கருவிக்கு என்ன இருக்கிறது? போலி சிக்னலை அது நம்பும், நம்பியதை எழுதும், எழுதியது நாளை ஆதாரமாக நிற்கும். போலி சிக்னல் அனுப்பும் இந்த ஸ்பூஃபிங்கில் கெட்டுப்போவது இடம் மட்டுமில்லை, கடிகாரமும்தான்.

கடிகாரம் என்றதும் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.பி.எஸ். சிக்னல் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும். பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு முறை திரும்பியது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவு மறுமுறை திரும்பியது. அடுத்தது 2038 நவம்பர். மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவி தேதியை ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டக்கூடும். இடம் மிகச் சரியாக இருக்கும், தேதி மட்டும் போன தலைமுறையில் இருக்கும். வாங்குமுன் வெட்டவெளியில் வைத்து ஆன் செய்து தேதியைப் பார்த்துவிடுங்கள். பழைய முதலாளியின் ட்ராக்கையும் மறக்காமல் அழியுங்கள். இல்லையென்றால் சிகாகோவில் அணைத்த கருவி சென்னையில் விழிக்கும்போது இரண்டையும் ஒரே கோட்டால் இணைத்து, நீங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிய வீரர் என்று பதிவு செய்துவிடலாம்.

நல்ல கடிகாரமும் காலை வாரும். கோப்பில் இருப்பது உலக நேரம். 12ஆம் தேதி காலை 5 மணிக்கு இங்கே கிளம்பினால் கோப்பு 11ஆம் தேதி 23:30 என்று சொல்லும். லாக்புக்கில் ஒரு தேதி, கோப்பில் ஒரு தேதி. அது போதாதென்று, கருவியின் தானியங்கி லாக்புக் பெரும்பாலும் காற்றில் இருந்த நேரத்தை எண்ணும். லைசென்ஸுக்குக் கணக்காவது, பறக்கும் நோக்கத்தோடு விமானம் சொந்த பலத்தில் நகரத் தொடங்கியதிலிருந்து இறங்கி நிற்கும் வரை. பரபரப்பான விமான நிலையத்தில் டாக்சிக்கே அரைமணி போகும். ஆகவே லாக்புக்கில் 2.1 மணி, கருவியில் 1.6 மணி என்று வந்தால் யாரும் திருடவில்லை. ஆனால் கேள்வி கேட்பவர் முன்னால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். 200 மணி நேரத்தைச் சேர்க்க வீட்டை அடமானம் வைத்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆதாரமாக எது செல்லும்? ஜி.பி.எக்ஸ்., கே.எம்.எல். கோப்புகளை யார் வேண்டுமானாலும் நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றிச் சேமிக்கலாம். ஒரு தடயமும் இருக்காது. அதனால்தான் சர்வதேச வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ., பெரிய கிளைடர் சாதனைகளுக்குத் தான் அங்கீகரித்த ரெக்கார்டர்களை மட்டுமே ஏற்கிறது. அவற்றின் கோப்பில் கடைசியாக 'ஜி' என்று தொடங்கும் வரிகளில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். மேலே ஒரு இலக்கத்தைத் தொட்டால் கையெழுத்து ஒத்துவராது. 'கொஞ்சம் சுத்தம் பண்ணிவிட்டு அனுப்புகிறேன்' என்று அந்தக் கோப்பைத் திறந்து சேமித்தாலே செத்தது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் விளையாடுங்கள்.

விபத்தோ, நூலிழையில் தப்பியதோ நடந்துவிட்டால் கருவியை மறுபடி ஆன் செய்யாதீர்கள். 'என்னதான் பதிவாகியிருக்கிறது பார்ப்போமே' என்று தட்டினால் புதிய புள்ளிகள் பழையதன் மேல் ஏறும். விபத்துக்குப் பிறகு பதிவுக் கருவிகளையும் பதிவேடுகளையும் அப்படியே காக்கும் பொறுப்பு இயக்குபவருடையது என்று அமெரிக்க விதியே சொல்கிறது. எரிந்து கருகிய கையடக்கக் கருவியின் நினைவகச் சில்லைக்கூடப் பிரித்துப் படிக்கும் ஆய்வகம் என்.டி.எஸ்.பி.யிடம் இருக்கிறது. அழித்தால் தப்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

'கிளவுட்' சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது என்கிறீர்களா? 2020 ஜூலை 23 அன்று கார்மினின் சேவைகள் ரான்சம்வேர் தாக்குதலில் படுத்தன. விமானிகளுக்கான ஃப்ளைகார்மின் உட்பட நாள்கணக்கில் திறக்கவில்லை. நேவிகேஷன் டேட்டாபேஸைப் புதுப்பிக்க முடியாமல் பைலட்கள் கைபிசைந்து நின்றார்கள். ஒரு பிரதி உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும். பொதுத் தளங்களில் ஏற்றுவதற்கு முன்பும் இரண்டு முறை யோசியுங்கள். ஜாலியாகத் தாழப் பறந்ததை நீங்களே தேதி, நேரம், உயரத்தோடு எழுதிக் கொடுப்பது அது. 2018இல் ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலியின் வரைபடம் ராணுவ முகாம்களின் உள்பாதைகளைக் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கும். சூலூர், தாம்பரம், அரக்கோணம், தஞ்சாவூர் என்று படைத்தளங்கள் சூழ்ந்த மாநிலம் நம்முடையது.

எல்லாவற்றையும்விடச் சூடான எச்சரிக்கை, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு. வெறும் ஜி.பி.எஸ். சிக்னலைப் பெறும் கருவிகள் வேறு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு. வெளிநாட்டில் பாராகிளைடிங், மலைப்பகுதி விமானிகள் பலர் தோளில் மாட்டியிருக்கும் கார்மின் இன்ரீச் இரண்டாவது வகை. ட்ராக்கையும் பதியும், ஆபத்தில் எஸ்.ஓ.எஸ்.ஸும் அனுப்பும். அங்கே அதை வைத்திருப்பது புத்திசாலித்தனம். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இந்தக் கருவியோடு வந்த ஒரு வெளிநாட்டு ஓட்டப்பந்தயக்காரர் போலீஸ், நீதிமன்றம் என்று அலைந்தார். 2025 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்கு, பயணிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று எழுதியது. கார்மின் பெட்டி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கேனரில் பார்ப்பவருக்கு உங்கள் ஏராவும் இன்ரீச்சும் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. ஏராவுக்கு வாங்கிய ரசீதையும் அதன் கையேட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி எழுத்தில் வராத வரை, இன்ரீச்சை அங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறுங்கள்.